செவிலியும் நற்றாயும்: பிறர் பிள்ளைக்காகப் பேசியவர்களின் வரலாறு



இம்முறை இலக்கணம் எழுதப்போவதில்லை. வல்லினம் மிகும் இடங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இடுகையில் வரும். இன்று வேறொன்று மனத்தில் கிடக்கிறது. அதை எழுதி முடித்தாலன்றி ஒற்றெழுத்துகளின் பக்கம் என்னால் திரும்ப இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் உறவுமுறைச் சொற்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா ஆகிய சொற்கள் நம் பிள்ளைகளிடம் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்ற இரண்டே சொற்களுக்குள் சுருங்கிப் போயின என்னும் ஆதங்கம் எல்லாத் தமிழாசிரியர்களுக்கும் உண்டு. ஆகவே ஒரு குடும்ப மரம் வரையச் சொன்னேன். அதன் கீழே 'என் தாய்' என்று ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும். ஒரு மாணவன் மட்டும் வெற்றுத் தாளைக் கொடுத்தான். மறுநாளும் வெற்றுத் தாள்தான். நான் அவனைச் சோம்பேறி என்று வகுப்பறையில் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

அந்த வாரமே அவனுடைய வீட்டிலிருந்து ஒருவர் என்னைச் சந்திக்க விரும்பினார். அவர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். மாறிமாறி வரும் வேலை நேரம். பள்ளி நேரத்தில் அவரால் வர இயலாது. நானே ஒரு மாலை துவாஸ் சென்றேன். கிழக்கு மேற்கு ரயில் பாதை முடிகிற துவாஸ் லிங்க் நிலையத்தில் இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடங்குகளும் தொழிற்சாலைகளும்தாம். வேலை முடிந்து சாரிசாரியாக நடந்து செல்லும் நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் நடுவே, ஒரு சாப்பாட்டுக் கடையின் ஓரத்தில் அமர்ந்து பேசினோம்.

"தந்தையின் பெயர் என்று படிவத்தில் இருக்கிறது சார். நான் என் பெயரை எழுதவில்லை. நான் அப்பா இல்லை. வளர்க்கிறவன்," என்றார் அவர். அமைச்சு அந்தச் சிறுவனை அவர்களுடைய வீட்டில் ஒப்படைத்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவனுடைய தாய் இருக்கிறார். ஆனால் அப்போது அவனை வைத்துக் காப்பாற்றும் நிலையில் இல்லை. இதற்குமேல் அவர் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. சிறுவனை நான் கடிந்துகொண்டது பற்றியும் அவர் ஒரு சொல்கூடக் குறையாகச் சொல்லவில்லை. "அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னால் எந்த அம்மாவைப் பற்றி எழுதுவது என்று கேட்கிறான் சார். எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழில் இதற்கு என்ன சொல் என்றும் தெரியவில்லை," என்றார்.

அக்கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் சொல். 'வளர்ப்புப் பெற்றோர்' என்று இங்குச் செய்தித்தாள்களிலும் அறிக்கைகளிலும் எழுதுகிறோம். ஆனால் நம் பேச்சு வழக்கில் 'வளர்ப்புப் பிள்ளை' என்றால் தத்துப்பிள்ளை என்றே பொருள் கொள்கிறார்கள். இரண்டும் வேறு. தத்து எடுத்தால் சட்டப்படி அப்பிள்ளை நம் பிள்ளை. பெற்றவர்களின் உரிமை அத்தோடு முடிகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் அவ்வாறன்று. பெற்றவர் பெற்றவராகவே இருக்கிறார். குறித்த நாள்களில் பிள்ளையைச் சந்திக்கிறார். வீடு சீரானதும் பிள்ளை திரும்பிச் செல்ல வேண்டும் என்பதே நோக்கம். வளர்ப்பவர் அனுமதியின்றிப் பிள்ளையை வெளிநாட்டிற்கு அழைத்துச் செல்ல இயலாது. அதன் படத்தைச் சமூக ஊடகத்தில் இட இயலாது. எல்லாம் செய்துவிட்டு, ஒருநாள் பையைக் கட்டிக் கொடுத்து அனுப்ப வேண்டும். 'ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்னும் நம் பழமொழியில் ஒரு கணக்கு இருக்கிறது பாருங்கள்; இங்கு அந்தக் கணக்கும் கிடையாது.

இதற்குத் தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு: செவிலி. இன்று அச்சொல்லை மருத்துவமனைத் தாதியர்க்குக் கொடுத்துவிட்டோம். சங்க அகப்பாடல்களில் தலைவிக்கு இரண்டு தாயர். பெற்றவள் நற்றாய், பால் ஊட்டி, நெய் தடவி, கதை சொல்லி வளர்த்தவள் செவிலித்தாய். அச்செவிலியின் மகளே தோழி என்று தொல்காப்பியர் உறவும் வகுத்துள்ளார். தலைவி தலைவனோடு உடன்போக்குச் சென்றுவிட்டால், நற்றாய் வீட்டிலிருந்து புலம்புவாள். காட்டு வழியில் எதிர்ப்படுவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு பின்தேடிச் செல்பவள் செவிலிதான். மேல்நிலை மாணவர்களுக்கு இதைத் துறை விளக்கமாக மட்டும் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். துவாஸிலிருந்து திரும்பிய அன்றுதான், இரண்டு தாயர் இருப்பதை இழுக்காகக் கருதாத ஓர் இலக்கியம் நம்மிடம் இருந்தது என்பது உறைத்தது.

சிங்கப்பூருக்கு வருவோம். தேக்காவிலும் சிராங்கூன் சாலை வட்டாரத்திலும் வாழ்ந்த மூத்த தலைமுறையினரிடம் கேட்டுப் பாருங்கள். சீன முகமும் தமிழ்ப் பேச்சும் கொண்ட ஓர் அத்தையையோ பெரியம்மாவையோ அவர்கள் நினைவுகூர்வார்கள். போருக்கு முன்னும் பின்னும், வறுமையாலோ, பிறந்த ஆண்டு ஆகாது என்னும் சோதிட அச்சத்தாலோ, சீனக் குடும்பங்கள் சில பெண் குழந்தைகளைப் பிறருக்குக் கொடுத்தன. அவர்களில் பலர் தமிழ், மலையாளக் குடும்பங்களிலும் மலாய்க் குடும்பங்களிலும் வளர்ந்தனர். பாவாடை தாவணி உடுத்திப் பொட்டிட்டு வளர்ந்து, தமிழ் மணமகனுக்கு வாழ்க்கைப்பட்டு, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொன்ன பெண்கள் அவர்கள். ஆய்வாளர் தெரசா தேவசகாயம் இத்தகைய பெண்களைக் கண்டு பேசி ஒரு நூலே எழுதியிருக்கிறார். தத்து எடுப்பதற்கான சட்டம் இங்கு 1939இல் வந்துவிட்டது. எனினும் அக்காலத்தில் பல குழந்தைகள் வாய்ச்சொல்லாலேயே கைமாறினர்.

இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே காலத்தில் அதே தெருக்களில், வாய்ச்சொல்லால் கைமாறிய வேறு சிறுமியரும் இருந்தனர். அவர்களை 'மூய் சாய்' என்பார்கள். பெயருக்கு வளர்ப்புப் பெண். உண்மையில் விலைக்கு வாங்கப்பட்ட வேலைக்காரி. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. வீட்டுக்குள் சென்று பார்க்க ஒருவர் வேண்டும். அங்கே கண்டதைச் சொல்லவும் ஒருவர் வேண்டும். பிறர் வீட்டில் வளரும் குழந்தைக்காகப் பேசுதல் என்னும் பணி இங்குத் தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன்.

ஜேனட் லிம் என்பவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் 1923இல் பிறந்தவர். எட்டு வயதளவில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு வீட்டுக்கு விற்கப்பட்டார். மூய் சாய்ச் சிறுமியரைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் சட்டம் 1932இல் இயற்றப்பட்ட பிறகே சீனர் பாதுகாப்பு அலுவலகத்தின் பார்வை அவர்மீது விழுந்தது. மீட்கப்பட்டு, போ லியுங் குக் இல்லத்திலும் பின்னர் ஒரு கிறித்துவ சமயப் பணிப் பள்ளியிலும் வளர்ந்தார், தாதியானார், மருத்துவமனையின் தலைமைத் தாதியாகவும் உயர்ந்தார். 1958இல் தம் கதையைத் தாமே ஆங்கிலத்தில் நூலாக எழுதி வெளியிட்டார். 'வெள்ளிக்கு விற்கப்பட்டவள்' என்பது அதன் தலைப்பின் பொருள். அவருக்கு முன் அறிக்கைகள் பல எழுதப்பட்டிருந்தன. அவை அனைத்தும் பெரியவர்கள் எழுதியவை.

அந்த அறிக்கைகளுள் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. 1936இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த மூவர் குழு ஹாங்காங்கிற்கும் மலாயாவிற்கும் வந்து இவ்வழக்கத்தை ஆராய்ந்தது. அதில் ஒரே பெண்ணாக இருந்தவர் எடித் பிக்டன் டர்பர்வில் அம்மையார். மற்ற இருவரும் இருக்கும் சட்டத்தைச் சரிவர நடத்தினால் போதும் என்னும் கருத்தினர். அம்மையார் உடன்படவில்லை. மூய் சாய் என்று பெயரிட்டாலும் வளர்ப்பு மகள் என்று பெயரிட்டாலும், பெற்றோரிடமிருந்து வேறு கைக்கு மாறிய சிறுமியர் அனைவரும் அரசின் கண்காணிப்புக்குள் வர வேண்டும் என்று தனி அறிக்கை எழுதினார். மூவரில் ஒருவராக நின்று தோற்பது எளிதன்று. ஆனால் பிற்காலச் சட்டங்கள் நகர்ந்த திசை அவர் காட்டிய திசைதான்.

(துவாஸ் என்னும் பெயருக்கு ஒரு விளக்கம் உண்டு. முன்னாளில் அது மீனவச் சிற்றூர். தென்னை ஓலைகளைக் கடல்மேல் மிதக்கவிட்டால் அந்த நிழலில் மீன்கள் வந்து ஒதுங்கும். பின்பு வலையைத் தூக்கிவிடுவார்கள். அம்முறையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து ஊரின் பெயர் வந்ததாகச் சொல்வர். மூய் சாய் பற்றிப் படித்தபோது அந்த ஓலை நிழல் என் நினைவுக்கு வந்தது.)

தமிழகத்தில் இதே காலத்தில் நடந்ததையும் ஒரு பத்தியிலேனும் சொல்லாமல் கடக்க இயலாது. இந்தியாவிலேயே முதலாவதான சிறுவர் சட்டம் 1920இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்து தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய வரலாறு நம் பாடநூல்களில் உண்டு. பாடநூலில் பெரும்பாலும் இடம்பெறாத பகுதி இது: அம்முறையிலிருந்து வெளியேறிய இளம்பெண்கள் தங்க இடமின்றி நின்றபோது, விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதுதான் 1930இல் அவ்வை இல்லமாக உருவெடுத்தது. அவையில் பேசிய வாய்க்கு வீட்டில் சோறு போடும் கையும் இருந்தது. இரண்டும் ஒருவரிடம் அமைவது அரிது.

போர்க்காலம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. தோட்டங்களில் ஆதரவற்று நின்ற பிள்ளைகளை யார் பார்த்தார்கள்? உறவினர்கள் பார்த்தார்கள், பக்கத்து லயத்துக்காரர்கள் பார்த்தார்கள், பலரை எவரும் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் நோரிஸ் சாலையில் பள்ளி நடத்திவந்த ராமகிருஷ்ண மிஷன், 1940களில் ஆதரவற்ற சிறுவர்க்கான இல்லத்தைத் தொடங்கியது. பார்ட்லி சாலையில் அமைந்த அவ்வில்லத்தில் வளர்ந்த தமிழ்ச் சிறுவர்கள் பலர். மலாயாவில் சுவாமி சத்தியானந்தா தொடங்கிய சுத்த சமாஜம் ஆதரவற்ற பிள்ளைகளை ஏற்றது. அவர் 1961இல் மறைந்தபின் அதனைத் தாங்கி நடத்தியவர் சிங்கப்பூரில் 1926இல் பிறந்த அன்னை மங்களம். தொண்ணூற்றேழாம் வயதில், 2023இல் அவர் காலமாகும்வரை பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

சிங்கப்பூரில் 1946இல் சமூக நலத் துறை தோன்றியது. 1949இல் சிறுவர், இளையர் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே அந்த அமைப்புகள் அனைத்தையும் உலுக்கிய வழக்கு ஒன்று எழுந்தது.

மரியா ஹெர்டோக் 1937இல் ஜாவாவில் பிறந்த டச்சுக் குடும்பத்துச் சிறுமி. ஜப்பானியர் படையெடுப்பில் தந்தை சிறைப்பட்டார். 1942இல் தாய், தம் குடும்பத்துக்கு அறிமுகமான அமீனா என்னும் மலாய்ப் பெண்ணிடம் குழந்தையை ஒப்படைத்தார். சில நாள்கள் பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தேன் என்றார் தாய். வளர்த்துக்கொள்ளவே கொடுத்தார் என்றார் அமீனா. எழுத்து மூலமாக ஒன்றும் இல்லை, வாய்ச்சொல்தான். அமீனா அவளை நத்ரா என்று பெயரிட்டுத் தம் மகளாக வளர்த்து, போருக்குப்பின் திரங்கானுவுக்கு அழைத்துச் சென்றார். 1949இல் அவள் கண்டுபிடிக்கப்பட்டாள். 1950இல் வழக்குச் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது அவளுக்கு வயது 13.

அந்த ஓராண்டில் அவள் எத்தனை கைகள் மாறினாள் என்று பாருங்கள். மே மாதம் பெற்றோரிடம் அனுப்பத் தீர்ப்பு. சமூக நலத் துறையின் யார்க் ஹில் இல்லத்தில் வைக்கப்பட்டாள். ஜூலையில் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. மீண்டும் அமீனாவிடம் சென்றாள். ஆகஸ்ட் முதல் நாள் மன்சூர் அடாபி என்னும் ஆசிரியருக்கு மணம் செய்துவைக்கப்பட்டாள். டிசம்பர் 2ஆம் நாள் அம்மணம் செல்லாது என்றும், அவள் தாயிடம் செல்ல வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. உடனே தாம்சன் சாலையிலுள்ள கன்னிமாடம் ஒன்றில் கொண்டுபோய் வைத்தனர். கன்னியரோடு அவள் இருக்கும் படங்கள் நாளேடுகளில் வந்தன. முஸ்லிம் மக்கள் கொதித்தனர். டிசம்பர் 11ஆம் நாள் வெடித்த கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். மறுநாள் அவள் நெதர்லாந்துக்கு விமானமேற்றப்பட்டாள்.

இவ்வழக்கில் தமிழர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். நத்ரா நடவடிக்கைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் தமிழ் முஸ்லிம் தலைவரும் இதழாளருமான ஏ. எம். கரீம் கனி. நேதாஜியின் இயக்கத்தில் பங்கேற்றவர், ஏடுகள் நடத்தியவர். கலவரத்திற்குப்பின் காவலில் வைக்கப்பட்டார். அவருடைய துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அமீனாவுக்கு அன்று ஆதரவாக நின்றவர்கள் அவர் போன்றோரே. எனினும் வரலாற்று ஆசிரியனாக அன்றி வகுப்பாசிரியனாக இவ்வழக்கைப் படிக்கும்போது எனக்கு ஒரு நெருடல். ஒரு பக்கம் சமயம். மறு பக்கம் குருதி உறவு, ஐரோப்பியப் பெருமை. இரு பக்கத்தாரும் குழந்தைக்காகவே பேசுவதாகச் சொன்னார்கள். அவளோ அமீனாவிடமிருந்து தன்னைப் பிரிக்க வேண்டாம் என்றே அழுதாள். பதின்மூன்று வயதில் செய்துவைத்த மணம், அவளைக் காக்கச் செய்ததா, வழக்கை வெல்லச் செய்ததா? அவளைக் கன்னிமாடத்தில் வைத்து நிழற்படக்காரர்களை உள்ளே விட்டது யாருடைய நலனுக்காக? 2009இல் அவர் நெதர்லாந்தில் இறந்தபோது, இங்குள்ள நாளேடுகள் பழைய படங்களையே மீண்டும் வெளியிட்டன.

இங்கே சற்று வெளியுலகையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1945இல் டென்னிஸ் ஓ நீல் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், அரசு ஒப்படைத்த வளர்ப்பு வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டான். பார்க்க வேண்டியவர்கள் உரிய காலத்தில் சென்று பார்க்கவில்லை. நாடே அதிர்ந்தது. விசாரணை நடந்தது, 1948இல் புதிய சிறுவர் சட்டம் வந்தது. பெரிய இல்லங்களைவிடக் குடும்பச் சூழலே குழந்தைக்கு நல்லது. ஆனால் அக்குடும்பம் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஜான் பௌல்பி என்னும் மருத்துவர் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கை, தாயன்பை இழந்த குழந்தையின் மனநிலையைப் பற்றிய சிந்தனையையே மாற்றியது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த சிங்கப்பூரிலும் இக்காற்று வீசியிருக்கும் என்பதில் ஐயமில்லை. 1952இல் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் தொடங்கப்பட்டது. 1956இல் சமூக நலத் துறை வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நாம் சுயாட்சி பெறுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் தொடங்கிய அத்திட்டம்தான் இன்றும் தொடர்கிறது.

தொடர்கிறதே தவிர, நெடுங்காலம் அது பெருகவில்லை. 2010களின் தொடக்கத்தில்கூட வளர்ப்புக் குடும்பங்கள் ஏறக்குறைய 250தான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 500ஐக் கடந்தது. அமைச்சு மட்டுமே செய்துவந்த வேலையைப் பகிர்ந்துகொள்ள 2015 முதல் எம்சிஒய்சி போன்ற சமூக அமைப்புகளும் வந்தன. வளர்ப்புப் பெற்றோரைத் தேடுவது, பயிற்றுவது, நள்ளிரவில் அவர்கள் அழைத்தாலும் பேசுவது ஆகியவை இவர்களின் பணி. வளர்ப்புப் பிள்ளைகளுக்காகப் பேசும் தொழில் என்றால் மேடையேறி முழங்குவது என்று எண்ணிவிட வேண்டாம். அதில் பெரும்பகுதி கோப்பு எழுதுவது. இரண்டு வீடுகளுக்கும் மாறிமாறி நடப்பது. 'இப்பிள்ளைக்கு மீன் பிடிக்காது, விளக்கை அணைத்தால் தூங்காது' என்னும் சிறுசெய்திகளை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தவறாமல் கொண்டுசேர்ப்பது.

நீதிமன்றத்தில் பிள்ளையின் குரலாக நிற்பது தனிக் கதை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் சூகப் என்னும் நீதிபதி, பிள்ளைகளின் எதிர்காலத்தைச் சில தாள்களை மட்டும் படித்துவிட்டு முடிவு செய்ய நேர்வதை எண்ணி உறக்கம் இழந்தார். ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று, அப்பிள்ளையோடு பழகி, ஆசிரியர், அண்டை வீட்டார் எல்லாரையும் விசாரித்து, நீதிமன்றத்தில் அப்பிள்ளைக்காக மட்டும் பேசத் தன்னார்வலர்கள் கிடைப்பார்களா என்று 1970களின் நடுவில் கேட்டுப் பார்த்தார். சிலர் வந்தால் போதும் என்று எண்ணியவர் முன் ஐம்பது பேர் வந்து நின்றார்கள். 1977இல் தொடங்கிய அம்முயற்சி பின்பு அமெரிக்கா முழுவதும் பரவியது. சிங்கப்பூரில் அதே வடிவம் இல்லை. இங்கு 2014இல் குடும்ப நீதிமன்றங்கள் தனியே அமைந்தபின், பெற்றோர் பிணக்கில் சிக்கிய பிள்ளைக்கெனத் தனிப் பிரதிநிதியாக ஒரு வழக்கறிஞரை நீதிபதி நியமிக்கும் முறை இடம்பெற்றது. நத்ராவின் வழக்குக்கும் இதற்கும் இடையே 64 ஆண்டுகள்.

இனித் தமிழாசிரியர்களுக்கு நேராகத் தொடர்புடைய செய்தி. 1989இல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை உடன்பாட்டில் சிங்கப்பூர் 1995இல் சேர்ந்தது. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய முடிவுகளில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. இதைப் பலரும் அறிவார்கள். 20ஆம் பிரிவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைக்கு மாற்று வீடு தேடும்போது, அதன் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியையும் கருத வேண்டும் என்கிறது அது. மொழி என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இயன்றவரை ஒத்த பின்னணியுள்ள வீட்டைத்தான் இங்கும் தேடுகிறார்கள். ஆனால் தமிழ் பேசும் வளர்ப்பு வீடுகள் போதுமான அளவில் இருந்தால்தானே கிடைக்கும்? கிடைக்காதபோது, நம் பிள்ளை வேறு மொழி பேசும் நல்ல உள்ளங்களின் வீட்டில் வளர்கிறது. அதில் குறையொன்றும் இல்லை. அன்று சீனப் பெண்களை நாம் வளர்க்கவில்லையா? ஆனால் அப்பிள்ளை பின்பு தன் தாயிடம் திரும்பும்போது, தாயோடு பேசும் மொழி கையில் இருக்க வேண்டும். வாரத்தில் சில மணி நேரம் நம் வகுப்பறையில் மட்டுமே அது தமிழ் கேட்கிறது என்றால், அந்த மணி நேரத்தின் எடை என்ன என்று எண்ணிப் பார்க்கிறேன். நானோ அந்த நேரத்தில் அவனைச் சோம்பேறி என்றேன்.

அதன்பின் சில மாற்றங்களைச் செய்துகொண்டேன். 'என் தாய்', 'என் தந்தை' என்று தலைப்புக் கொடுப்பதில்லை. 'என்னைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர்' என்று கொடுக்கிறேன். குடும்ப மரத்திற்கு மாற்றாக, கதையில் வரும் ஒரு குடும்பத்தின் உறவுமுறைகளை எழுதச் சொல்கிறேன். சித்தப்பாவும் அத்தையும் அதிலும் நன்றாகவே பதிகிறார்கள். 'உன் அப்பாவிடம் கையொப்பம் வாங்கி வா' என்பதை 'வீட்டில் கையொப்பம் வாங்கி வா' என்று மாற்றினேன். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் வகுப்பில் இத்தகைய மாணவர் இருந்தால், 'உன் உண்மையான அம்மா எங்கே' என்று அவர்கள் கேட்காமல் இருக்கச் சொல்லிக்கொடுங்கள். அந்தக் கேள்வியை நம் பெரியவர்களே கேட்டதைப் பள்ளி வாயிலில் என் காதால் கேட்டிருக்கிறேன். தொடக்கநிலை மாணவர்கள் தாமே அழைத்துப் பேச, சிறுவர் சங்கம் 1984 முதல் 'டிங்கிள் ஃபிரண்ட்' என்னும் தொலைபேசிச் சேவையை நடத்தி வருவதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு அடுத்த ஆண்டு தாயோடு சேர்ந்து வாழ வழி பிறந்தது. வேறு பள்ளிக்கு மாறினான். அவன் போன பின்பு துவாஸ் நண்பர் மீண்டும் அழைத்தார். அவனுடைய தமிழ்ப் பயிற்சி ஏடு ஒன்று வீட்டில் தங்கிவிட்டதாம். "நானே கொண்டுபோய்க் கொடுப்பது முறையாகுமா தெரியவில்லை சார். தூக்கிப்போடவும் மனம் வரவில்லை," என்றார். சமூக ஊழியரிடம் கொடுத்தால் சேர்த்துவிடுவார் என்றேன். அதற்குமுன் ஏட்டை ஒருமுறை நீங்கள் பார்த்துத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அதே சாப்பாட்டுக் கடையில் அமர்ந்து திருத்தினேன். கடைசியாக எழுதியிருந்தது 'என்னைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர்'. எட்டு வாக்கியங்கள். முதல் நான்கு தாயைப் பற்றி. அடுத்த நான்கு இவரைப் பற்றி. ஒருவர் என்றுதான் தலைப்பு. அதைப் பிழை என்று நான் குறிக்கவில்லை. 'கப்பல் பட்டரை' என்று எழுதியிருந்ததை மட்டும் 'பட்டறை' என்று திருத்திக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பெயர் தெரியாதபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.